சொல்லை மீட்ட நடிகை

பற்றிசியா நீல் அம்மையாரின் வாழ்க்கைக் கதை

ஓவியனுக்குத் தூரிகை உண்டு. வைணிகனுக்கு வீணை உண்டு. தூரிகை தேய்ந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். வீணையின் நரம்பு அறுந்தால் புதிய நரம்பு பூட்டலாம். நடிப்பையே தொழிலாகக் கொண்டவருக்கோ தம் உடலும் குரலும் நினைவாற்றலுமே கருவிகள். அம்மூன்றும் ஒரே நாளில் முறிந்துபோனால் அவர் எந்தக் கடைக்குப் போய் வேறு கருவி வாங்குவார்?

அமெரிக்க நடிகை பற்றிசியா நீல் அம்மையாருக்கு அந்நிலை நேர்ந்தது. திரைப்படத்துறையின் தலையாய பரிசாகக் கருதப்படும் ஒஸ்கார் விருது 1964ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்தது. ஓராண்டு நிறையுமுன்னரே அவர், தாம் பெற்ற பிள்ளைகளின் பெயரைக்கூடச் சொல்லமாட்டாதவராய், வலக்கையும் வலக்காலும் செயலிழந்தவராய் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடந்தார். ஆனால், 1968ஆம் ஆண்டில் அவர் நடித்த புதிய படமொன்று வெளியாயிற்று. அந்த நடிப்புக்காக அவருடைய பெயர் மறுபடியும் ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன? அதை அறிவதற்கு அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்தே பார்த்தல் நன்று.

சுரங்க ஊர்ச் சிறுமி

1926ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி, கென்டக்கி மாநிலத்திலே பக்கார்ட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பற்சி லூயிஸ். தந்தையார் நிலக்கரிக் கும்பனியொன்றில் உத்தியோகம் பார்த்தவர். பிற்காலத்தில் அந்தச் சிற்றூர் குடிகள் நீங்கிப் பாழடைந்துபோயிற்று.

குடும்பம் டெனசி மாநிலத்து நொக்ஸ்வில் நகரிற் குடியேறியது. பற்சி வளர்ந்தது அங்கேதான். தேவாலயமொன்றிலே ஒரு மாது தனியாக நின்று நடித்துக் காட்டியதை ஒருநாள் அச்சிறுமி பார்த்தாள். அன்றே அவள் உள்ளத்தில் ஆசை வேரூன்றிவிட்டது. அந்த ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்குத் தனக்கு வேறு பரிசு எதுவும் வேண்டாம், நாடகப் பயிற்சி ஒன்றே போதும் என்று நத்தார்த் தாத்தாவுக்குக் கடிதம் எழுதினாள். பெற்றோர் அவ்விருப்பத்தைத் தட்டவில்லை.

பின்னர் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்ற அவர், படிப்பு நிறைவெய்துமுன்னரே நியூயோர்க் நகருக்குப் புறப்பட்டார். பற்சி என்ற பெயர் பற்றிசியா ஆயிற்று. முதலில் வேறு நடிகைகளுக்குப் பதிலாளாக நிற்கும் வேலைதான் கிடைத்தது. 1946ஆம் ஆண்டிலே லிலியன் ஹெல்மன் அம்மையார் எழுதிய ‘அனதர் பார்ட் ஒவ் த பொரஸ்ட்’ என்னும் நாடகத்தில் முக்கிய வேடமொன்று வாய்த்தது. நெடிய உருவம், கூரிய பார்வை, ஆழ்ந்து சற்றே கரகரத்த குரல் இவையெல்லாம் அவையோரை வசப்படுத்தின. அமெரிக்க நாடகத்துறைக்குரிய டோனி விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டு 1947. அந்த முதல் வரிசையிலேயே அவர் பெயரும் இடம்பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது 21.

ஹொலிவூட் அளித்த இன்பமும் துன்பமும்

மேடையிற் புகழ்பெற்றவரை ஹொலிவூட் விட்டுவைக்குமா? ‘வோர்னர் பிரதர்ஸ்’ நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான ரொனால்ட் றேகனோடு 1949ஆம் ஆண்டிலே அவர் நடித்த ‘ஜோன் லவ்ஸ் மேரி’ அவருடைய முதற் படம். அதே ஆண்டில் கேரி கூப்பரோடு ‘த பவுன்டன்ஹெட்’ என்னும் படத்தில் நடித்தார். 1951ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘த டே த ஏர்த் ஸ்டுட் ஸ்டில்’ என்னும் விஞ்ஞானக் கற்பனைப் படம் இன்றும் விரும்பிப் பார்க்கப்படுகிறது.

கேரி கூப்பர் அவரிலும் ஏறக்குறைய 25 வயது மூத்தவர், மணமானவர், மரியா என்னும் மகளுக்குத் தந்தை. படப்பிடிப்பில் அறிமுகமான அவர்மீது நீல் அம்மையார் கொண்ட காதல் இரு குடும்பங்களுக்கும் வேதனையையே தந்தது. தந்தையைத் தங்களிடமிருந்து பறிக்க வந்தவள் என்று எண்ணிய சிறுமி மரியா, நீல் அம்மையாரை நேரிற் கண்டபொழுது வெறுப்போடு துப்பினாளாம். சில ஆண்டுகளில் அவ்வுறவு முறிந்தது. மனம் நொந்த நடிகை ஹொலிவூட்டை விட்டு நியூயோர்க் நாடகமேடைக்கே திரும்பினார். இவற்றையெல்லாம் அவர் மறைக்க முயலவில்லை. 1988ஆம் ஆண்டு வெளியான ‘அஸ் ஐ ஆம்’ என்னும் தம் சுயசரிதையில் தம் குறைகளையும் சேர்த்தே எழுதினார்.

இல்லறமும் இடர்களும்

லிலியன் ஹெல்மன் அம்மையார் அளித்த விருந்தொன்றிலே ரோல்ட் டால் என்ற எழுத்தாளரை அவர் சந்தித்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய ஆகாயப் படை விமானியாகப் பணிபுரிந்த டால், அக்காலத்திற் சிறுகதைகள் எழுதிப் பெயரெடுத்துக்கொண்டிருந்தார். ‘சார்லியும் சொக்கலேட் தொழிற்சாலையும்’ முதலிய கதைகளால் உலகச் சிறுவர்களின் உள்ளங்கவர்ந்த அதே டால்தான். 1953ஆம் ஆண்டு ஜூலை மாதம் இருவருக்கும் விவாகம் நடந்தது. இங்கிலாந்திலே கிரேட் மிசென்டன் என்னும் சிற்றூரில் வீடு வாங்கினர். பிள்ளைகள் பிறந்தனர். வீட்டு வேலையும் குழந்தை வளர்ப்பும் ஒருபுறம், நடிப்பு மறுபுறம் என வாழ்வு சென்றது.

அவ்வாழ்வில் இடிமேல் இடி விழுந்தது. 1960ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நியூயோர்க் வீதியொன்றில், நான்கு மாதக் குழந்தை தியோவை வைத்துத் தள்ளிச்சென்ற வண்டிமீது டாக்சியொன்று மோதியது. குழந்தையின் மண்டையோடு நொறுங்கியது; மூளையில் நீர் தேங்கலாயிற்று. அந்நீரை வெளியேற்றுவதற்குப் பொருத்திய குழாய் அடிக்கடி அடைபட்டது. ஒவ்வொரு முறையும் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. தந்தை டால் சும்மா இருக்கவில்லை. விளையாட்டு விமானங்களுக்கு இயந்திரம் செய்யும் ஸ்டான்லி வேட் என்பவரையும், கென்னத் டில் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரையும் ஒன்றுசேர்த்து, எளிதில் அடைபடாத புதிய வால்வு ஒன்றை உருவாக்கச் செய்தார். 1962ஆம் ஆண்டில் அது பாவனைக்கு வந்தபோது தியோவுக்கு அது தேவைப்படவில்லை, அவன் தேறிவிட்டான். ஆனால், உலகின் பல பாகங்களிலும் ஏறத்தாழ 3,000 குழந்தைகளுக்கு அது உதவியது. மூவரும் அதனால் இலாபம் எதுவும் பெறவில்லை.

அதே ஆண்டு நவம்பர் மாதம் மூத்த மகள் ஒலிவியாவுக்குச் சின்னமுத்து கண்டது. சாதாரண நோய்தானே என்றிருந்த வேளையில் நோய் மூளையைத் தாக்கியது. ஏழு வயதுச் சிறுமி மாண்டுபோனாள். சின்னமுத்துக்குரிய தடுப்பூசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது அடுத்த ஆண்டிலேதான். 1986ஆம் ஆண்டில் டால், தடுப்பூசி இருந்தும் பிள்ளைகளுக்குப் போடாதிருக்கும் பெற்றோரை நோக்கி உருக்கமான கடிதமொன்று எழுதினார். அது இன்றும் வைத்தியர்களால் எடுத்துக்காட்டப்படுகிறது.

மகளை இழந்த தாயின் கண்ணீர் காயுமுன்னரே ‘ஹட்’ திரைப்படம் 1963ஆம் ஆண்டில் வெளிவந்தது. டெக்சாஸ் மாநிலத்து மாட்டுப் பண்ணையொன்றில் வீட்டு வேலைகளைக் கவனிக்கும் அல்மா என்னும் பெண்ணின் வேடம் அவருக்கு. போல் நியூமன் கதாநாயகன். திரையில் நீல் அம்மையார் தோன்றும் நேரம் அரை மணிக்கும் குறைவே. ஆயினும், வாழ்க்கையில் அடிபட்டுத் தேர்ந்த ஒரு பெண்ணின் களைப்பையும் கண்ணியத்தையும் அந்தச் சிறிது நேரத்தில் அவர் காட்டிவிட்டார். சிறந்த நடிகைக்குரிய ஒஸ்கார் விருது அவருக்கே கிடைத்தது. அப்பொழுது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. ஆதலால் விழாவுக்குச் செல்லவில்லை.

1965 பெப்ரவரி 17

அடுத்த ஆண்டு, ஜோன் போர்ட் நெறியாண்ட ‘செவன் விமன்’ என்னும் படத்தில் நடிப்பதற்காகக் குடும்பத்தோடு லொஸ் ஏஞ்சல்ஸ் சென்றிருந்தார். படப்பிடிப்புத் தொடங்கிச் சில நாள்களே ஆகியிருந்தன. பெப்ரவரி 17ஆம் திகதி மாலை, மகள் டெஸாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது தலையிலே தாங்கமுடியாத வலி தோன்றியது. மூளையிலுள்ள இரத்தக் குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பந்துபோல் உப்பி, வெடித்துவிட்டிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறை மூளையில் இரத்தம் பெருகியது. வைத்தியர்கள் அன்றிரவே பல மணி நேரச் சத்திரசிகிச்சை செய்தனர். பிழைப்பார் என்று எவரும் உறுதி கூறவில்லை. அவர் இறந்துவிட்டார் என்றே பத்திரிகையொன்று செய்தி வெளியிட்டது. அவரோ மூன்று மாதக் கர்ப்பிணி.

ஏறக்குறைய மூன்று வாரம் நினைவின்றிக் கிடந்தபின் அவர் கண்விழித்தார். உயிர் மீண்டது, சொல் மீளவில்லை. நம் மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பாகத்தை இயக்குகிறது. பெரும்பாலோர்க்குப் பேச்சுக்குரிய இடமும் அப்பாகத்திலேயே அமைந்துள்ளது. அங்கே சேதம் நேர்ந்தமையால் வலக்கையும் வலக்காலும் சோர்ந்தன, பார்வையும் குன்றியது, பேச்சு ஒழிந்தது. எழுத்துகளைப் பார்த்தால் அவை வெறுங் கோடுகளாகத் தோன்றின.

இவ்விடத்தில் ஒன்றை வாசகர்கள் கருத்திற் கொள்ளவேண்டும். இவ்வாறு பேச்சிழந்தவர் அறிவிழந்தவர் அல்லர். சொல்ல நினைப்பது உள்ளே இருக்கிறது. அதற்குரிய சொல் அகப்படுவதில்லை. பூட்டிய வீட்டினுள்ளே திறப்பைத் தொலைத்தவர் நிலை அது. நீல் அம்மையார் சிறிது சிறிதாகப் பேச முயன்றபோது ஒரு சொல்லுக்கு வேறு சொல் வந்தது; சில வேளைகளில் எந்த மொழியிலும் இல்லாத புதுச் சொற்கள் வந்தன. கேட்போர் விழிப்பார்கள், அவர் கோபங்கொண்டு அழுவார்.

ஊழின் விளையாட்டை என்னென்பது! ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1959ஆம் ஆண்டு தொடங்கி, ‘த மிரக்கிள் வேர்க்கர்’ என்னும் நாடகத்தில் நியூயோர்க் மேடையில் நடித்தவர் அவர். கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லருக்கு ஆசிரியை ஆன் சலிவன் சொற்களைக் கற்பித்த வரலாறு அந்நாடகம். அதில் ஹெலனின் தாயாக வேடந்தாங்கி, ஒரு சொல்லுக்காக மகள் படும் பாட்டைப் பார்த்துக் கண்கலங்கி நின்றவர் நீல் அம்மையார். ஆசிரியையாக நடித்தவர் ஆன் பான்க்ரொப்ட். இப்பொழுது ‘செவன் விமன்’ படத்தில் நீல் அம்மையார் விட்ட இடத்தை நிரப்ப வந்தவரும் அதே பான்க்ரொப்ட். நாடகத்தில் தாயாக இருந்தவரோ வாழ்க்கையில் ஹெலனின் நிலைக்கு வந்துவிட்டார்.

அயலார் நடத்திய பள்ளிக்கூடம்

மே மாதம் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. ஓகஸ்ட் மாதத்தில் லூசி என்னும் பெண்குழந்தை எவ்வித குறையுமின்றிப் பிறந்தது. இனிச் செய்யவேண்டியது என்ன? வைத்தியசாலையிற் கிடைத்த பேச்சுப் பயிற்சி சொற்ப நேரமே. எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் மனம் சோர்ந்து, உள்ள ஆற்றலும் கெட்டுவிடும் என்று டால் கருதினார். ஆகவே, ஊரிலுள்ள நண்பர்களையும் அயலவர்களையும் அழைத்தார். ஒருவர் மாறி ஒருவராக வந்து, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் தம் மனைவிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்படி வேண்டினார். அவர்களில் ஒருவராவது அத்துறையிற் பயின்றவர் அல்லர். சாதாரண மனிதர்களே. வாசிப்பு, எழுத்து, எண்கணக்கு, சொல் விளையாட்டு என்று பாலர் வகுப்புப் பிள்ளைக்குக் கற்பிப்பதுபோலக் கற்பித்தனர்.

டாலின் முறை கடுமையானது. வேண்டிய பொருளின் பெயரைச் சொன்னாலன்றி அதை எடுத்துக் கொடுக்கமாட்டார். களைப்பாக இருக்கிறது என்றாலும் இரங்கமாட்டார். பார்த்தவர்கள் சிலர், ‘நோயாளியை இப்படியா வதைப்பது?’ என்று மனம் வருந்தினர். நீல் அம்மையாரே கணவரைப் பலமுறை வெறுத்தார். ஏன் உயிர் பிழைத்தோம் என்று ஏங்கினார். அம்முறை முழுதும் சரியென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், தேறமாட்டார் என்று ஒதுக்கி வைக்கும் இரக்கம், சில வேளைகளில் வதையிலும் கொடியது என்பதையும் மறுப்பதற்கில்லை.

வந்த அயலவர்களுள் தலையாயவர் வலெரி ஈட்டன் கிரிபித் என்னும் பெண்மணி. சுகவீனங் காரணமாக உத்தியோகத்தை விட்டு வீட்டில் இருந்தவர். வைத்தியமோ பேச்சுப் பயிற்சியோ அவர் கற்றவரல்லர். பொறுமையும் பொதுப்புத்தியும் மாத்திரமே அவருடைய மூலதனம். நோயாளி எதை விரும்புவார், எதில் அவர் முகம் மலரும் என்று கூர்ந்து பார்த்து, அதையே பாடமாக்கினார். நாள்தோறும் அவரோடு அமர்ந்து பேசினார், தவறியபோது நகைக்கவில்லை, தேறியபோது மகிழ்ந்தார். மாதங்கள் ஆண்டுகளாயின. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

மீண்டும் மேடையில்

1967ஆம் ஆண்டு மார்ச் மாதம், மூளை பாதிக்கப்பட்ட சிறுவர்களின் நலனுக்காக நியூயோர்க் வல்டோர்வ் அஸ்டோரியா ஹோட்டலில் பெருங் கூட்டமொன்று ஏற்பாடாயிற்று. அதில் நீல் அம்மையார் பேசுவார் என்று டால் வாக்களித்துவிட்டார். அம்மையார் அஞ்சி நடுங்கினார். ஒரு காலத்தில் முழு நாடகத்தையும் மனப்பாடமாகச் சொன்னவருக்கு ஒரு சிறு பேச்சு மலைபோலத் தோன்றியது. கிரிபித் அம்மையார் பக்கத்தில் இருந்து வரி வரியாகப் பயிற்றினார். நியூயோர்க்குக்கும் கூடவே சென்றார்.

அன்றிரவு மேடைக்கு நடந்து சென்ற நடிகையை அவையோர் எழுந்து நின்று வரவேற்றனர். அவர் பேசினார், தடைப்படாது பேசி முடித்தார். கணவரின் கடுமை எதற்காக என்று அன்றுதான் தமக்கு விளங்கியதாகப் பின்னாளிற் குறிப்பிட்டார்.

அதன் பின்னர் வந்ததுதான் ‘த சப்ஜெக்ட் வோஸ் ரோசஸ்’ என்னும் படம். யுத்தம் முடிந்து வீடு திரும்பிய மகனுக்கும் ஒத்துப்போகாத பெற்றோருக்கும் இடையே நிகழும் கதை. இளைஞராக இருந்த மார்ட்டின் ஷீன் மகனாகவும், ஜக் அல்பேர்ட்சன் தந்தையாகவும் நடித்தனர். தாயின் நீண்ட வசனங்களை நினைவில் நிறுத்துவதற்கு நீல் அம்மையார் பட்ட பாடு கொஞ்சமன்று. 1968ஆம் ஆண்டில் வெளியான அப்படமே அவரை மறுபடியும் ஒஸ்கார் விருதின் வாயில்வரை கொண்டுசென்றது. இம்முறை விருது கிட்டவில்லை. ஆனால், அவர் வென்றெடுத்தது அதனினும் அரியது.

முற்றாகக் குணமடைந்தார் என்று சொல்வது உண்மையாகாது. காலிற் சிறு நொண்டலும் பார்வைக் குறையும் நினைவுத் தடுமாற்றமும் இறுதிவரை இருந்தன. அவற்றோடுதான் அவர் நடித்தார். 1971ஆம் ஆண்டிலே ‘த ஹோம்கமிங்’ என்னும் தொலைக்காட்சிப் படத்தில் நடித்துக் கோல்டன் குளோப் விருது பெற்றார். 1999ஆம் ஆண்டிலும் ‘குக்கீஸ் போர்ச்சூன்’ என்னும் படத்தில் தோன்றினார்.

பிரிவும் மன்னிப்பும்

கதை இங்கே இனிதாக முடிந்திருக்கலாம். வாழ்க்கை அப்படி முடியவில்லை. அவரை மரணத்தின் வாயிலிலிருந்து இழுத்துவந்த கணவர், வேறொரு பெண்ணிடம் மனம் பறிகொடுத்தார். முப்பது ஆண்டு இல்லறம் 1983ஆம் ஆண்டில் விவாகரத்தில் முடிந்தது. மூளை நோயிலும் கொடிதாக அது அவரை வாட்டியது.

அவ்வேளையில் அவருக்கு வழிகாட்டியவர் யார் தெரியுமா? அன்று வெறுப்போடு துப்பிய சிறுமி மரியா கூப்பர்தான். வளர்ந்து பெரியவளான மரியா பழம்பகையை மறந்து, கனெக்டிகட் மாநிலத்திலுள்ள கன்னியர் மடம் ஒன்றுக்கு அவரை வழிப்படுத்தினார். அங்கே தங்கியிருந்த காலத்தில் கோபம் தணிந்து, கன்னியர்களின் தூண்டுதலால் தம் சுயசரிதையை எழுதத் தொடங்கினார். காலப்போக்கிற் கணவரையும் மன்னித்தார். 2010ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி, தமது 84ஆவது வயதிலே காலமானார். அவருடைய உடல் அந்த மடத்து நிலத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

அவர் விட்டுச் சென்ற செல்வம்

சிறுமியாக அவர் வளர்ந்த நொக்ஸ்வில் நகரில் 1978ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் ஒரு புனர்வாழ்வு நிலையம் இயங்கிவருகிறது. பாரிசவாதத்தாலும் விபத்துகளாலும் நடையும் பேச்சும் இழந்தோர் அங்கே பயிற்சி பெறுகின்றனர். அவர் அடிக்கடி அங்கு சென்று நோயாளிகளோடு பேசுவார். ‘உங்கள் துன்பம் எனக்குத் தெரியும்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

கிரிபித் அம்மையாரோ தாம் கற்றதை ‘எ ஸ்ட்ரோக் இன் த பமிலி’ என்னும் நூலாக 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். பயிற்சி பெறாத அயலவர்களும் பேச்சிழந்தோர்க்கு உதவலாம் என்பதை அது காட்டியது. அதன் வழியே பிரித்தானியாவில் தொண்டர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று பேச்சுப் பயிற்சிக்கு உதவும் திட்டம் உருவாயிற்று. பிரபல நடிகை ஒருத்திக்காகக் கூடிய ஒரு கிராமத்து அயலவர்களின் முயற்சி, பெயர் தெரியாத எத்தனையோ பேருக்கு வழியாயிற்று.

நோய் கண்ட அனைவரும் அவரைப்போல் மீள்வார்கள் என்று கூற முடியாது. அவருக்கு வயது 39; வசதி இருந்தது; தேர்ந்த வைத்தியர்கள் இருந்தனர். ஆயினும், காலந் தாழ்த்தாது தொடங்கி இடைவிடாது தொடரும் பயிற்சி நன்மை தரும் என்பதை இன்று வைத்தியர்களும் வற்புறுத்துகின்றனர். பாரிசவாதம் வந்த வீட்டிலே, ‘இவருக்கு ஒன்றும் விளங்காது’ என்று சொல்லி ஒதுக்கிவிடும் வழக்கம் இன்னும் உண்டு. விளங்காதிருப்பது பெரும்பாலும் நமக்கேதான். பக்கத்தில் அமர்ந்து, அவர் ஒரு சொல்லைத் தேடியெடுக்கும்வரை காத்திருப்பதற்குப் பணமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். கிரேட் மிசென்டன் ஊரவர்கள் கொடுத்தது அந்தப் பொழுதைத்தான்.